நாய்க்கும் வருகிறது சர்க்கரை வியாதி!

நாய்க்குச் சர்க்கரை வியாதி வருமா?

வரும். மனிதனுக்கு வருவது போலவே நாய்க்கும் வரும்.

"நன்றாகத்தான் சாப்பிடுகிறது. ஆனால் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறது. வைத்த தண்ணீரை எல்லாம் குடித்துவிடுகிறது. இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடுகிறது."

இப்படிச் சொல்லிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. டாக்டர் ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கிறார். "உங்கள் நாய்க்குச் சர்க்கரை வியாதி. ஆயுள் முழுவதும் தினம் இரண்டு வேளை ஊசி போட வேண்டும்" என்கிறார்.

வீட்டாருக்குத் தலை சுற்றுகிறது. தினமும் ஊசியா? யார் போடுவது? எவ்வளவு செலவாகும்? "இத்தனை பாடுபடுவதை விட, ஒரேயடியாக ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி முடித்துவிடத்தான் வேண்டுமா? காப்பாற்ற வழியே இல்லையா?

பத்தில் ஒன்று

2017-ம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உலகின் பல நாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடை டாக்டர்களைக் கேட்டு நடத்திய ஆய்வு அது.

சர்க்கரை வியாதி கண்ட நாய், பூனைகளில் பத்தில் ஒன்று, வியாதி தெரிந்த உடனேயே ஊசி போட்டுக் கொல்லப்படுவதாக டாக்டர்கள் கணக்குச் சொன்னார்கள். இன்னும் பத்தில் ஒன்று, ஓர் ஆண்டுக்குள் அதே முடிவை அடைகிறது.

காரணம் என்ன? வேறு வியாதிகளும் சேர்ந்திருப்பது ஒரு காரணம். முதுமை ஒரு காரணம். செலவு ஒரு காரணம். ஊசி போடுவதற்காக வீட்டார் தங்கள் அன்றாட வாழ்க்கையை மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதும் ஒரு காரணம்.

வியாதியின் கொடுமையால் மட்டும் அவை சாகவில்லை. "நம்மால் முடியாது" என்று வீட்டார் மலைத்துப் போவதாலும் சாகின்றன.

உண்மை என்ன தெரியுமா? ஒழுங்காக வைத்தியம் செய்தால், சர்க்கரை வியாதி உள்ள நாய் பல ஆண்டுகள் நன்றாக வாழும். ஓடும், விளையாடும், வீட்டைக் காவல் காக்கும். அதற்கு முதலில் வியாதியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

என்ன வியாதி?

இரைப்பைக்குப் பக்கத்தில் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது.

நாம் சாப்பிடும் சாப்பாடு, சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரைதான் உடம்புக்கு விறகு. ஆனால் அது தசைக்குள் தானாகப் போகாது. இன்சுலின் என்ற சாவி வந்து கதவைத் திறக்க வேண்டும்.

இன்சுலின் இல்லாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. அளவு மீறியதும் சிறுநீரில் வழிகிறது. போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. தாகம் எடுக்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும், உடம்பு பட்டினி கிடக்கிறது! ஆகவே பசி அதிகம். ஆனால் உடம்பு இளைக்கிறது.

நாய் கொடுத்த மருந்து

இந்த உண்மையை உலகத்துக்கு முதலில் காட்டியதே ஒரு நாய்தான்.

1889-ம் ஆண்டு. அப்போது ஜெர்மனியில் இருந்த ஸ்டிராஸ்பர்க் நகரம். மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்த நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தொடங்கியது. சிறுநீரைச் சோதித்தால், அதில் சர்க்கரை! கணையம் கெட்டால் சர்க்கரை வியாதி வரும் என்று அன்று தெரிந்தது.

1921-ம் ஆண்டில் கனடாவில் உள்ள டொராண்டோ பல்கலைக் கழகத்தில் பான்டிங் என்ற டாக்டரும், பெஸ்ட் என்ற மாணவரும் ஆராய்ச்சி செய்தார்கள். கணையத்தை எடுத்துவிட்ட நாய்களுக்கு, வேறு கணையத்திலிருந்து வடித்த சாற்றை ஊசியாகப் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. கணையம் இல்லாத ஒரு பெண் நாய், 70 நாள் உயிரோடு இருந்தது. அதன் பெயர் மார்ஜொரி.

1922-ம் ஆண்டு ஜனவரியில் அதே மருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போடப்பட்டது. சாகக் கிடந்த சிறுவன் எழுந்து உட்கார்ந்தான். 1923-ம் ஆண்டில் பான்டிங்குக்கும், அவருக்கு ஆராய்ச்சிக் கூடம் கொடுத்த பேராசிரியர் மக்ளியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று கோடிக்கணக்கான மனிதர்கள் இன்சுலினால் உயிர் வாழ்கிறார்கள். அந்த மருந்து நாய்கள் உயிரைக் கொடுத்துத் தந்த மருந்து. அதே மருந்துதான் இன்று நாயையும் காப்பாற்றுகிறது.

மாத்திரை பலிக்காது

2023-ம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கூறுகிறது. சர்க்கரை மாத்திரை இல்லாத தெருவே இல்லை எனலாம்.

ஆகவே சிலர் என்ன செய்கிறார்கள்? தாத்தாவின் மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்கும் கொடுத்துவிடுகிறார்கள். இது தவறு.

மனிதர்களில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதி. அவர்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் அது சரியாக வேலை செய்வதில்லை. அதைத் தூண்டிவிட மாத்திரை உதவும்.

நாய்க்கு அப்படி அல்ல. பெரும்பாலான நாய்களுக்கு, இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துவிடுகின்றன. இல்லாத ஒன்றை மாத்திரை எப்படித் தூண்டும்? ஆகவே நாய்க்கு இன்சுலின் ஊசி ஒன்றே வழி.

எந்த நாய்க்கு வரும்?

பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய நாய்க்கு வருகிறது. ஐந்து வயதுக்கு மேல் கவனம் தேவை. சமோயிட், மினியேச்சர் ஷ்னாசர், பூடில் போன்ற ஜாதிகளுக்கு அதிகம். பாக்சர், ஜெர்மன் ஷெப்பர்டு ஜாதிகளுக்குக் குறைவு.

கணையம் வீங்கிக் கெட்டுப்போன நாய்க்கு வரலாம். தோல் அரிப்புக்காக ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் கொடுத்தாலும் வரலாம்.

முன்பெல்லாம் நாய் வாசலில் கிடந்தது. மீதிச் சோற்றைத் தின்றது. வியாதி வந்தால் யாருக்கும் தெரியாமல் செத்தது. இப்போது நாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. தடுப்பு ஊசி போடுகிறார்கள். நல்ல சாப்பாடு கொடுக்கிறார்கள். நாய் முதுமை வரை வாழ்கிறது. முதுமையில் வரும் வியாதிகளும் கூடவே வருகின்றன.

பெண் நாய்க்கு அதிகம்

இது முக்கியம். கருப்பை எடுக்காத பெண் நாய்களுக்கு இந்த வியாதி அதிகமாக வருகிறது.

பெண் நாய் பருவத்துக்கு வந்து போன பிறகு, சுமார் இரண்டு மாதம் அதன் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கும். குட்டி உண்டானாலும், உண்டாகாவிட்டாலும் இது இருக்கும். இந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் கணையம் மாடு போல் உழைக்கிறது. ஒரு நாள் களைத்து விழுந்துவிடுகிறது.

சுவீடன், நார்வே நாடுகளில் எல்க் ஹவுண்டு என்ற வேட்டை நாய் உண்டு. அந்த ஜாதியில் சர்க்கரை வியாதி கண்டவை ஏறக்குறைய எல்லாம் பெண் நாய்களே. பருவம் முடிந்த சில வாரங்களில் அல்லது சினையாக இருக்கும்போது வியாதி வெளிப்படுகிறது.

கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் இந்த வழி அடைபடுகிறது. வியாதி வந்த பிறகுகூட, தாமதம் இல்லாமல் இந்த ஆபரேஷனைச் செய்தால், சில நாய்களுக்குச் சர்க்கரை வியாதி அடியோடு நீங்குவதும் உண்டு. தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று பலர் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். வேறு சிலர் பருவத்தைத் தடுக்க ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியில் இருப்பதும் அதே வகை ஹார்மோன்தான்!

வளர்ப்பு நாய்க்குக் கருத்தடை செய்வது எஜமானரின் பொறுப்பு என்று மத்திய அரசின் 2023-ம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தெரு நாய்களின் தொகையைக் குறைக்கத்தான் இந்த விதி என்று பலர் நினைக்கிறார்கள். அது நாயின் உடம்புக்கும் நல்லது.

தொத்து வியாதியா?

2020-ம் ஆண்டு டிசம்பரில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சி ஒன்று லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட எஜமானர்களையும், அவர்களுடைய நாய்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள்.

நாய்க்குச் சர்க்கரை வியாதி இருந்தால், எஜமானருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு, மற்ற எஜமானர்களை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று தெரிந்தது. பூனை வளர்ப்பவர்களிடம் இப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சர்க்கரை வியாதி தொத்து வியாதி அல்ல. நாயிடமிருந்து மனிதனுக்கு ஒட்டாது.

பின் ஏன் இப்படி? பூனை தன் இஷ்டப்படி சுற்றும். நாய் எஜமானரோடுதான் நடக்கும். எஜமானர் நடந்தால் நாயும் நடக்கிறது. எஜமானர் நாற்காலியை விட்டு எழாவிட்டால், நாயும் அதன் காலடியில் படுத்துக் கிடக்கிறது. ஒரே வீடு, ஒரே பழக்கம். இது காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டால், வீட்டில் உள்ளவர்களும் ஒருமுறை ரத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது. காலையில் நாயோடு நடப்பது இருவருக்கும் நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

படிப்பு தேவை இல்லை. கண் இருந்தால் போதும்.

நாய் குடிக்கும் தண்ணீரை ஒரு நாள் அளந்து வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல் குடித்தால் சந்தேகப்பட வேண்டும். அதாவது, 10 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. கோடை வெயிலில் கொஞ்சம் கூடலாம்.

சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் எலும்பு தெரிகிறதா என்று பாருங்கள். கண்மணி வெள்ளையாக மாறுகிறதா என்று பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இதே அறிகுறிகள் சிறுநீரகக் கோளாறிலும் வரும். ஆகவே நீங்களாக முடிவு கட்டக் கூடாது. ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

நாய் வாந்தி எடுத்து, சாப்பிட மறுத்து, சுருண்டு படுத்தால் நாளை என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் விஷமாக மாறுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இரண்டு வேளை ஊசி

பெரும்பாலான நாய்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி. காலை 7 மணிக்கு என்றால், இரவு 7 மணிக்கு.

முதலில் சாப்பாடு. நாய் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி. முதுகுப் பக்கத்துத் தளர்ந்த தோலைக் கூடாரம் போல் தூக்கி, அதன் அடியில் போட வேண்டும். ஊசி முடி போல் மெல்லியது. பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் ஒரே இடத்தில் போடாமல், இடத்தை மாற்றிப் போட வேண்டும்.

எவ்வளவு போடுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதலில் குறைந்த அளவில் ஆரம்பிப்பார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து அளவை மாற்றுவார். சரியான அளவு பிடிபடச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மனம் தளரக் கூடாது.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஐஸ் உறையும் தட்டில் வைக்கக் கூடாது. உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

சிவப்பு மூடியா? ஆரஞ்சு மூடியா?

இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள்.

இன்சுலினில் இரண்டு பலம் உண்டு. ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் இருப்பது ஒன்று. 100 யூனிட் இருப்பது மற்றொன்று. நாய்க்கென்று விற்கும் பன்றி இன்சுலின் 40 யூனிட் வகை. பன்றியின் இன்சுலினும் நாயின் இன்சுலினும் அமைப்பில் ஒன்றே! மனிதர்களுக்கான இன்சுலினையும் டாக்டர்கள் நாய்க்கு எழுதிக் கொடுப்பது உண்டு. அது நம் நாட்டில் இரண்டு பலத்திலும் கிடைக்கிறது.

40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி போட்ட ஊசிக் குழல். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி போட்ட ஊசிக் குழல்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் எடுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் ஏறிவிடும். நாய் செத்துப் போகலாம். கடையில் வாங்கும்போதே புட்டியில் உள்ள எண்ணையும், மூடியின் நிறத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை இறங்கினால்

சர்க்கரை ஏறுவது மெதுவாகக் கொல்லும். சர்க்கரை இறங்குவது உடனே கொல்லும்.

மருந்து கூடிவிட்டாலோ, நாய் சாப்பிடாமல் இருந்தாலோ, வழக்கத்துக்கு மேல் ஓடினாலோ சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். நாய் தள்ளாடும். உடம்பு நடுங்கும். வலிப்பு வரும். மயங்கி விழும்.

உடனே தேனையோ, சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். மயங்கிய நாயின் வாயில் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் போய்விடும். வலிப்பு வந்திருக்கும்போது விரல் பத்திரம். பிறகு டாக்டரிடம் ஓட வேண்டும்.

"ஊசி போட்டேனா, இல்லையா?" என்று சந்தேகம் வந்தால், போடாமல் விடுங்கள். ஒரு வேளை விட்டால் நாய் சாகாது. இரண்டு தடவை போட்டால் சாகலாம்.

என்ன சாப்பாடு?

தினமும் ஒரே நேரம், ஒரே அளவு, ஒரே வகை. இதுதான் விதி.

டீ குடிக்கும்போது ஒரு பிஸ்கட், பூஜைக்குப் பிறகு ஒரு துண்டு இனிப்பு, குழந்தை மிச்சம் வைத்த பால் சோறு என்று ஆளுக்கு ஆள் கொடுத்தால், எந்த டாக்டராலும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியாது. கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த அன்பு விஷம்.

விஷம் என்றதும் இன்னொன்று. "சர்க்கரை இல்லாத இனிப்பு", "சர்க்கரை இல்லாத சூயிங்கம்" என்று கடைகளில் விற்கிறார்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற பொருள் இருக்கும். மனிதனுக்கு அது கெடுதல் செய்யாது. நாய்க்கு அது கொடிய விஷம். கொஞ்சம் தின்றாலும் சர்க்கரை திடீரென இறங்கும். ஈரலும் கெடும். சர்க்கரை வியாதிக்காரர் உள்ள வீட்டில் இந்தப் பொருள் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

கண் போகுமா?

சர்க்கரை வியாதி வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஒன்றரை ஆண்டுக்குள் கண்ணில் புரை விழுகிறது. நல்ல வைத்தியம் செய்தாலும் சில நாய்களுக்கு இது வரும். ஆபரேஷன் செய்து புரையை எடுக்க முடியும்.

ஆபரேஷன் செய்ய முடியாவிட்டாலும் கலங்க வேண்டாம். நாய்க்கு மூக்குதான் முதல் கண். மேஜை நாற்காலியை இடம் மாற்றாமல் வைத்தால், பார்வை போன நாயும் வீட்டைச் சுற்றி வரும்.

யார் போடுவது?

நம் நாட்டு அரசு கால்நடை ஆஸ்பத்திரிகள் மாடு, ஆடு, கோழிகளை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. கிராமத்தார் அவற்றை "மாட்டாஸ்பத்திரி" என்றுதான் சொல்கிறார்கள். நாயின் சர்க்கரையை அடிக்கடி சோதிக்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த வசதி மாவட்டத் தலைநகர்களிலாவது பெருக வேண்டும்.

ஆனால் ஆஸ்பத்திரி அருகில் இருந்தாலும், தினமும் இரண்டு வேளை ஊசி போடப் போவது வீட்டில் உள்ளவர்கள்தான்.

ஆகவே வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேராவது ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் கல்யாணத்துக்கு வெளியூர் போனால், மற்றவர் போடுவார். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில், காலை ஊசிக்கு ஒரு கோடு, மாலை ஊசிக்கு ஒரு கோடு போடுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டியும் பார்த்து, "இன்றைக்கு ஒரு கோடுதான் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்.

செலவு உண்டு. ஆனால் ஊசி மருந்து நாயின் எடைக்கு ஏற்றபடிதான் ஆகும். சிறிய நாய்க்குச் சில யூனிட்டுகளே போதும். மனிதர்களுக்கான இன்சுலினில் முக்கியமான வகைகளுக்கு அரசு உச்ச விலை நிர்ணயித்திருக்கிறது. எது கட்டுப்படியாகும் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். "முடியாது" என்று முடிவு செய்வதற்கு முன் கேளுங்கள்.

வேறு வியாதிகளும் முற்றி, நாய் வேதனைப்படும் நிலையில், டாக்டர் சொல்லும் முடிவு வேறு. அதைக் குறை கூற முடியாது. ஆனால் சர்க்கரை வியாதி என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், நடமாடும் நாயைக் கொல்லச் சொல்வது நியாயம் ஆகாது.

காலையில் ஐந்து நிமிடம். மாலையில் ஐந்து நிமிடம். ஒரு தட்டு அளவான சாப்பாடு. நாயின் உயிர் இவ்வளவில்தான் இருக்கிறது.